குழைக்காதரின் பொன்மணல்

தாழங்கோட்டை ராஜா செண்பகவிஜயருக்கு யானைப்படை இருந்தது, ஏழு குழந்தைகள் இருந்தார்கள், பேச்சில் சளைக்காத ஒரு மாமியாரும் இருந்தார். இல்லாதது பொழுதுபோக்கு ஒன்றுதான்.

அந்தக் குறையைத் தீர்த்துவைக்க வந்து சேர்ந்தார் மிராசுதார் குழைக்காதர். கொத்தாற்றங்கரையில் அவருக்கு மூன்று காணி நிலம் இருந்தது. புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். ஆனால் அங்கே கரையோர மணலை மரத்தட்டில் அள்ளி, தண்ணீரில் அலசி அரித்தால் பொன் கிடைக்கும் என்றார் அவர். குடும்பத்தோடு வந்து கூடாரம் போடலாம், கட்டுச்சோறு சாப்பிடலாம், காலை நனைத்துக்கொண்டே பொன் பொறுக்கலாம். விலை ஆயிரம் வராகன்.

ஒரு வெள்ளிக்கிழமை ராஜா குடும்பத்தோடு போய்ப் பார்த்தார். கடைக்குட்டி இளவரசி சிற்றம்மையின் தட்டில் கடுகளவு ஏதோ மினுங்கியது. அப்புறம் ராணிக்குக் கிடைத்தது. அப்புறம் ராஜாவுக்கே கிடைத்தது. கஜானா நிறையப் பொன் பார்த்த மனிதர், அந்தக் கடுகைக் கையில் வைத்துக்கொண்டு வேட்டி நனைய ஆற்றில் துள்ளிக் குதித்தார்.

ஊர் திரும்பியதும் ஆயிரம் வராகனை எடுக்கச் சொன்னார். கையில் அப்போது அவ்வளவுதான் இருந்தது. அதுவும் பெரிய ஏரிக்கரையை அடைக்க ஒதுக்கிய பணம். கரையில் ஆள் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஐப்பசி மழைக்குள் அடைக்காவிட்டால் கீழே இருக்கும் பதினெட்டு ஊரும் தண்ணீரில் போய்விடும். கரையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார் ராஜா.

சபையில் உமைபாகர் என்றொரு விகடகவி. இதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சிற்றம்மையிடம் போய், அவள் பொறுக்கிய பொன்னை வாங்கிப் பார்த்தார். அதன் ஓரத்தில் சிவப்பாய் ஒரு பொட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். அரக்கு. நகை செய்கிற பத்தர்தான் பொன்னை அரக்கில் பதித்து அரத்தால் ராவுவார். ஆற்றுக்கு அரக்கு ஏது? பத்தரிடம் ராவிய துணுக்குகளை வாங்கிவந்து, ராஜா வருவதற்கு முன்பே குழைக்காதர் மணலில் தூவியிருக்கிறார்.

சொன்னால் யார் நம்புவார்கள்? அரண்மனையே பொன்மணல் பேச்சில் கிறுகிறுத்துக் கிடந்தது. பொறாமையில் பேசுகிறான் என்பார்கள். உமைபாகர் அரக்கைப் பற்றி மூச்சுவிடாமல் சபைக்குப் போய், நிலத்தை வானளாவப் புகழ்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"ஒரே ஒரு பயம், மகாராஜா. குடும்பத்துக்கென்று வாங்குகிறீர்கள். ஒருவருக்குக் கிடைத்து ஒருவருக்குக் கிடைக்காமல் போனால் வீட்டுக்குள் சண்டை வரும். அதை யானைப்படையை விட்டு அடக்க முடியாது."

ராஜா ஓரக்கண்ணால் ராணியைப் பார்த்துவிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டார். சொந்தபந்தம் எல்லாரும் ஒருமுறை அரித்துப் பார்க்கட்டும், ஒரு கை வெறுங்கையாக வந்தாலும் கிரயம் வேண்டாம் என்றார் உமைபாகர். குழைக்காதரும், தம் ஆறு யாரையும் வெறுங்கையோடு அனுப்பாது என்று சபையில் மார்தட்டிவிட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

இரண்டாம் வெள்ளி சித்தப்பா குடும்பங்கள் வந்தன. இருபத்திரண்டு தட்டு. மூன்றாம் வெள்ளி ராணியின் அண்ணன் தம்பிகள். நாற்பது தட்டு. நான்காம் வெள்ளி மாமியார் எழுந்தருளினார். அவருக்குக் கண் மங்கல். கிடைத்த கடுகையெல்லாம் மணலோடு ஆற்றில் வீசிவிட்டு, இங்கே ஒன்றுமில்லை என்று எழுந்தார். குழைக்காதர் கையைப் பிசைந்துகொண்டு, அடுத்த வாரம் கட்டாயம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தார். கிடைத்தது. புளியங்கொட்டை அளவில் இரண்டு. அந்தச் செய்தி பரவியதும் ராஜவம்சத்துக் கிழவர் அத்தனை பேருக்கும் கண் மங்கிவிட்டது.

முதலில் குழைக்காதரின் சம்சாரம் வளையல் இல்லாமல் நடமாடினாள். பிறகு ஒட்டியாணம் போயிற்று. ஏழாம் வெள்ளி அவர் காதில் கடுக்கன் இல்லை. எட்டாம் வெள்ளிக்கு அடுத்த நாட்டிலிருந்து ராஜாவின் சம்பந்தி வீட்டார் பன்னிரண்டு வண்டியில் வருகிறார்கள் என்று உமைபாகரே நேரில் போய் அவருக்குச் சந்தோஷமாகச் சொன்னார்.

மறுநாள் குழைக்காதர் சபையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மகாராஜா, நிலத்தைச் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பந்தி வீட்டாரை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்."

ராஜா விழித்தார். உமைபாகர் அரக்கு ஒட்டிய பொன்னை எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னார். ராஜாவின் முகம் முதலில் சிவந்தது. பிறகு மாமியாரின் புளியங்கொட்டைகள் நினைவுக்கு வர, சிம்மாசனமே குலுங்கச் சிரித்தார். உனக்கு நான் தனியாகத் தண்டனை தர வேண்டுமா, ஏழு வெள்ளியாக நீயே கட்டிவிட்டாய் என்று குழைக்காதரை அனுப்பிவைத்தார். ஆயிரம் வராகன் ஏரிக்கரைக்குப் போயிற்று. மழைக்கு முன்னால் கரை அடைபட்டது. பதினெட்டு ஊரும் பிழைத்தன. நிலம் உமைபாகருக்குப் பரிசாயிற்று.

நிலம் கைக்கு வந்த அடுத்த வெள்ளிக்கிழமை உமைபாகரும் அவர் மனைவியும் ஆற்றில் காலை விட்டுக்கொண்டு நிம்மதியாகப் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் புழுதி கிளம்பியது. ராஜா, ராணி, ஏழு குழந்தைகள், மாமியார். எல்லார் கையிலும் மரத்தட்டு.

"நிலம் இப்போது உம்முடையது, உமைபாகரே. ஒரு கையும் வெறுங்கையாகப் போகக்கூடாது, அல்லவா?" என்றார் ராஜா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

உமைபாகரின் மனைவி சட்டென்று முந்தானையால் மூக்குத்தியை மறைத்துக்கொண்டாள். சிற்றம்மை அதற்குள் நாலு தட்டு அரித்துவிட்டு, பொன் எங்கே என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த மண்ணுக்கு அப்படி ஒரு குணம், தாயே," என்றார் உமைபாகர். "விற்பனைக்கு இருக்கும்வரைதான் பொன் விளையும். நான் விற்பதாக இல்லை."

ராஜா சிரித்த சிரிப்பில் அவர் தட்டு ஆற்றோடு போயிற்று. ராணி சிரித்தாள், குழந்தைகள் சிரித்தார்கள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. உமைபாகரைத் தனியாக ஒரு புதருக்குப் பின்னால் அழைத்துப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நிலத்தை என்ன விலை சொல்கிறீர்?"