பூவராகரின் படகும் ஒரு முழச் சுண்ணாம்பும்

கடலுக்கு இவ்வளவு வயதாகாத காலம் அது. முத்தலைத்துறை என்றொரு துறை. அந்தத் துறையில் பூவராகர் என்றொரு வணிகர். அவருக்குச் சொந்தமாக ஒரு பெரிய படகு. அவருடைய தானதருமங்களைப் பாடிவைக்க ஆட்கள் இருந்தார்கள். ஆகவே நான் அநியாயங்களிலிருந்து தொடங்குகிறேன். வரிசை மாறாமல் கேளுங்கள்.

முதலாம் ஆண்டு, படகைக் கரையேற்றி அடியைச் சுத்தம் செய்ய இருபது நாள் என்றிருந்த வழக்கத்தைப் பத்து நாளாகக் குறைத்தார்.

இரண்டாம் ஆண்டு, பத்து நாளில் முடித்த படகு கசிந்தபோது, குற்றம் வேலைக்காரர்களுடையது என்று சொல்லி, வேலைத் தலைவரைத் துறையை விட்டே விரட்டினார்.

மூன்றாம் ஆண்டு, அடிப்பெயரைத் திருடினார்.

அடிப்பெயர் என்பது அந்தத் துறையின் வழக்கம். படகைத் தண்ணீரில் இறக்கும் முன், அதன் அடிக்குப் பொறுப்பேற்றவரின் பெயரைத் துறைத்தலைவர் சாட்சிகள் முன்னே ஓலையிலிருந்து படிப்பார். படகு நல்லபடி ஓடினால், போகும் கரையெல்லாம் அந்தப் பெயரைச் சொல்வார்கள். படகுக்குள் தண்ணீர் புகுந்தால், பெயருக்கு உரியவரின் உளியை முறித்துப் போட்டுவிட்டு, இனி இந்தக் கரையை மிதிக்காதே என்பார்கள். மூன்றாம் ஆண்டு வேலை அருமையாக அமைந்தது. பூவராகர் தம் பெயரையே படிக்கச் சொன்னார். அந்தப் படகின் அடியை அவர் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

நான்காம் ஆண்டுதான் நம் கதை. அப்போது வேலைத் தலைவி காயல்மேட்டு ஆவுடை.

ஆவுடையும் எட்டுப் பெண்களும் ஒட்டுச்சிப்பிகளைச் சுரண்டினார்கள். பாசியைத் தேய்த்தார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார்கள். பிறகு ஆவுடை மரச்சுத்தியலால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டே வந்தாள். நல்ல பலகை கணீரென்று பதில் சொல்லும். ஒரு பலகை மட்டும் பொத்தென்றது. ஊசியை வைத்து அழுத்தினாள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. உள்ளே புழு.

அவள் நேரே பூவராகரிடம் போனாள்.

"முதலாளி, அடிப்பலகை ஒண்ணு செத்துப்போச்சு. மாத்தணும். நாலு நாள் ஆகும்."

"பௌர்ணமிக்கு மூணு நாள்தானே இருக்கு? பௌர்ணமித் தண்ணி போயிட்டா அடுத்த அமாவாசைத் தண்ணி ஏறுற வரைக்கும் படகு மணல்ல கிடக்குமே!"

"கடலுக்கு அடியில கிடக்கறதுக்கு மணல்ல கிடக்கறது தேவலை, முதலாளி."

பூவராகர் திரும்பி உள்ளே போனார். மறுநாள் உச்சி வேளையில் பெண்கள் சாப்பிடப் போயிருந்தபோது, அவருடைய காரியக்காரன் சொக்கன் படகுக்கு அடியில் நுழைந்தான். செத்த பலகையின் மேல் ஒரு முழ நீளத்துக்குச் சுண்ணாம்பை அப்பி, வழுவழுவென்று தடவிவிட்டு வந்தான்.

சாயங்காலம் பூவராகரே கரைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆவுடை, பலகையைச் சரி பண்ணியாச்சு. இந்தத் தடவை அடிப்பெயர் உன் பெயர்தான். துறைத்தலைவர்கிட்ட சொல்லிட்டேன்."

எட்டுப் பெண்களும் கூவினார்கள். மாடத்தி என்பவள் ஆவுடையைக் கட்டிக்கொண்டாள்.

"யக்கா, அக்கரையில எல்லாம் உன் பேரைச் சொல்லுவாங்க! நம்ம பேரைச் சொல்ல நம்ம வீட்டு ஆம்பளைக்கே வாய் வராதே!"

ஆவுடைக்கும் ஆசை இல்லாமல் இல்லை. சாட்சிகள் முன்னே தன் பெயர் ஒலிப்பதை மனசுக்குள் ஒரு தரம் கேட்டுப் பார்த்தாள். இனித்தது. இன்னொரு தரம் கேட்டாள். அப்போதும் இனித்தது. மூன்றாம் தரம் கேட்கும்போது ஒரு கேள்வி வந்து குறுக்கே நின்றது. வேலை நன்றாக இருந்த வருடம் பெயரை எடுத்துக்கொண்ட மனிதர், பலகை செத்த வருடம் ஏன் கொடுக்கிறார்?

படகுக்கு அடியில் போய்ப் பார்த்தாள். செத்த பலகையின் மேல் சுண்ணாம்பு வெள்ளை பளிச்சென்று இருந்தது.

"மாட்டேன்னு சொல்லிரு யக்கா" என்றாள் மாடத்தி, இப்போது குரல் இறங்கி.

"சொன்னா வேற எவனையாவது தலையாட்ட வைப்பாரு. படகு போகும். அதுல பதினஞ்சு பேரு போவாங்க. துறைத்தலைவர்கிட்ட முறையிடலாம்னா, படகு விஷயத்துல சொந்தக்காரர் சொல்தான் சொல்லுன்னு சட்டம் வச்சிருக்காங்க." ஆவுடை அந்த வெள்ளையை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "நாளைக்கு சுறா எண்ணெய் பூசும்போது இந்த வெள்ளையை மட்டும் விட்டுருங்கடி. ஒரு சொட்டு படக்கூடாது."

பௌர்ணமி வந்தது. கடல் பொங்கிப் படகின் அருகே ஏறிக்கொண்டிருந்தது. ஊரே சாட்சியாகக் கூடியது. துறைத்தலைவர் அம்பலவாணர் ஓலையை விரித்தார். படகோட்டி உள்ளே ஏறிக் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் குடித்த பலகைகள் கறுத்து மினுங்கின. நடுவே ஒரு முழம் மட்டும் வெள்ளை.

"படிக்கலாமா?" என்றார் அம்பலவாணர்.

"படிங்க ஐயா. ஆனா முதல்ல கடைசிக்கை முடியட்டும்" என்றாள் ஆவுடை.

கடைசிக்கை என்பதும் அந்தத் துறையின் வழக்கம்தான். கடைசி எண்ணெயைப் படகின் சொந்தக்காரர் தம் கையால் மூன்று தரம் அழுத்தித் தேய்க்க வேண்டும். பூவராகர் எப்போதும் ஆளை அனுப்பிவிடுவார்.

"சொக்கா, நீ போய்த் தேய்" என்றார் இப்போதும்.

"ஏன், படகு சொக்கனோடதா?" என்றாள் ஆவுடை.

கூட்டம் சிரித்தது. அம்பலவாணர் பூவராகரையே பார்த்தார். பூவராகர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். பூசாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எந்த இடம் என்று அவருக்குத் தெரியும். ஆவுடை அவருடைய உள்ளங்கையில் எண்ணெயை வார்த்தாள்.

முதல் தரம், பூவைத் தொடுவது போலத் தொட்டார்.

"மாட்டுக்கு அரிக்கிற இடத்துல சொறியறதுகூட இதைவிட அழுத்தமா இருக்கும், முதலாளி" என்றாள் மாடத்தி.

இரண்டாம் தரம், கொஞ்சம் அழுத்தினார். சுண்ணாம்பு விரிசல் விட்டது.

"வழக்கம்னா வழக்கம்தான் பூவராகரே. அழுத்தித் தேய்க்கணும்" என்றார் அம்பலவாணர்.

மூன்றாம் தரம், கோபத்தோடு அழுத்தினார்.

மணிக்கட்டு வரைக்கும் கை உள்ளே போய்விட்டது.

படகுக்குள் இருந்து படகோட்டியின் அலறல் கேட்டது. "ஐயையோ! படகுக்குள்ள ஒரு கை முளைக்குது! அஞ்சு விரல்லயும் மோதிரம் போட்ட கை!"

பூவராகர் இழுத்தார். மோதிரங்கள் உடைந்த மரச்சிம்புகளில் மாட்டிக்கொண்டன. இழுக்க இழுக்கச் சிம்பு குத்தியது. பின்னால் கடல் ஏறி வந்து அவருடைய பட்டு வேட்டியை நனைத்தது.

ஆவுடை அவர் பக்கத்தில் குந்தினாள்.

"இழுத்தா கை கிழிஞ்சிரும் முதலாளி. பலகையை எடுத்தாத்தான் கை வரும். ஆனா பலகையை எடுத்தா புதுசு போடணும். பௌர்ணமித் தண்ணி போயிருமே?"

"போனாப் போகட்டும்! பலகையை எடுடி!"

"புழுத்த பலகைதானே முதலாளி? தெரிஞ்சுதானே பூசினீங்க?"

"புழுத்ததுதான்! தெரியும்! எடு!"

ஆவுடை எழுந்து கூட்டத்தைப் பார்த்தாள். "கேட்டீங்களா?"

"கேட்டோம்" என்றார்கள் சாட்சிகள்.

அம்பலவாணர் ஓலையைப் படிக்காமலே சுருட்டினார். "படகு விஷயத்தில் சொந்தக்காரர் சொல்தான் சொல். அவரே சொல்லிவிட்டார். பலகையை எடுங்கள்."

ஒன்பது பெண்களும் உளியோடு குனிந்தார்கள். பூவராகரின் கை வெளியே வந்தது, மோதிரங்களும் வந்தன. தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போனது. படகு மணலிலேயே கிடந்தது. யாரும் அவசரப்படவில்லை. நல்ல புன்னை மரம் பார்த்துப் புதுப்பலகை அறுத்தார்கள். இடுக்குகளை மறுபடி அடைத்தார்கள். எண்ணெயை ஒரு தரத்துக்கு மூன்று தரம் ஊறவிட்டார்கள். பதினைந்து நாளும் பெண்கள் பாடிக்கொண்டே வேலை செய்ததாகச் சொல்வார்கள். பாடியிருப்பார்கள், வேலையை வேலையாகச் செய்ய விட்டால் யார்தான் பாடமாட்டார்கள்?

அமாவாசைத் தண்ணீரில் படகு இறங்கத் தயாரானது. இந்த முறை பூவராகர் யாரும் சொல்லாமலே குனிந்து, மூன்று தரமும் அழுத்தித் தேய்த்தார். பலகை அசையவில்லை. அவர் எழுந்து ஆவுடையைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்.

கேட்டவர்களே, கேடு வரும் நாளில் மட்டும் நம்மைத் தேடி வரும் மரியாதையை, அதைக் கொடுப்பவர் கையாலேயே சோதித்த பிறகுதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அம்பலவாணர் ஓலையை விரித்தார். கரையின் கடைசியில் நின்றவனுக்கும் கேட்கும்படி அவர் படித்தார்:

"இந்தப் படகின் அடிக்குப் பொறுப்பு, காயல்மேட்டு ஆவுடை."