விலைச்சீட்டு ஒட்டிய காசு

மாசி மாதத்துச் சனிக்கிழமை. அஸர் தொழுகை முடிந்து வெயில் சாயத் தொடங்கிய நேரம்.

கடற்கரைப் பள்ளிவாசலின் பின்கதவருகே மகுதூம் வந்து நின்றார். ஒரு கையில் மண்வெட்டி. தோளில் உலோகம் தேடும் கருவி. துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்தது. பத்தடி பின்னால், வேறு யாருடனோ வந்தவளைப் போல, அவருடைய ஒன்பது வயது மகள் சுலைகா.

அந்தப் பள்ளியில் ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத் படியில் அமர்ந்து, அறுந்த செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“ஹஸ்ரத், எம் மக நான் சொல்ற ஒண்ணையும் நம்ப மாட்டேங்கா.”

“அவளிடம் என்ன சொன்னீர்?”

“சொல்லல. செஞ்சேன்.” மகுதூம் குரலைத் தாழ்த்தினார். “இந்த மெஷினோட அவளையும் கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு வாரம் சோடா மூடியும் ஆணியும்தான் வந்துச்சு. புள்ள மொகம் வாடிப்போச்சு. அதனால பஜார்ல பழைய ஓட்டைக் காலணா வாங்கி, விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வந்து பொதச்சு வச்சேன். மூணு வாரம். ஒவ்வொண்ணா எடுக்கும்போது அவ துள்ளுன துள்ளல் இருக்கே, ஹஸ்ரத்!”

“நான்காவது வாரம்?”

மகுதூம் பின்னந்தலையைச் சொறிந்தார்.

“ஒரு காசுல, கடைக்காரன் ஒட்டுன விலைச்சீட்டை உரிக்க மறந்துட்டேன்.”

ஹஸ்ரத் சிரிக்கவில்லை. ஆனால் ஊசி, இறங்க வேண்டிய இடத்தை விட்டு விலகி இறங்கியது.

“பிள்ளை என்ன சொன்னாள்?”

“‘கடல்ல நாப்பது ரூவாயா வாப்பா? பஜார்ல கொறச்சுத் தருவாங்களே’ன்னா.”

“கெட்டிக்காரி.”

“அதோட மெஷினைத் தொடல. பரவால்ல. ஆனா இப்ப எதைச் சொன்னாலும், ‘இதுவும் நீங்க பொதச்சதா’ன்னு கேக்கா. அவ உம்மா, தன் தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருக்கா. திங்கக்கிழமை வந்துருவான்னு சொன்னேன். உம்மாவுக்கே போன் போட்டு விசாரிக்கா. நாளைக்கு நல்லது கெட்டது நான் எடுத்துச் சொன்னா, இவ காதுல ஏறுமா?”

ஹஸ்ரத் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சுலைகாவை விரலசைத்து அழைத்தார். ஜிப்பாப் பைக்குள் கைவிட்டு, எடுத்ததை அவளுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார். காதில் ஏதோ சொன்னார்.

பிறகு மகுதூமிடம் திரும்பினார்.

“சுவரைப் பார்த்து நில்லும்.”

“நானா?”

“அவள் புதைக்கட்டும். நீர் தேடும்.”

நாற்பத்திரண்டு வயதில் மகுதூம் பள்ளிச் சுவரைப் பார்த்து நின்றார். மணலில் அமர்ந்து வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த இருவர் தலை நிமிர்த்தினார்கள்.

“என்ன மகுதூம் காக்கா, பாடம் ஒப்பிக்கலியா?”

“காதைப் புடிச்சுக்கிட்டு நிக்கணும் காக்கா!”

சுலைகா திரும்பி வந்தபோது முழங்கைவரை மணல் ஒட்டியிருந்தது.

மகுதூம் கருவியை வீசி வீசி நடந்தார். முதற் குழியில் சோடா மூடி.

“இதுவா?”

“இல்ல.”

இரண்டாவதில் வள்ளத்து ஆணி. மூன்றாவதில் வலையில் கட்டும் ஈயக்குண்டு.

“இல்ல. இல்ல.”

“குழியை மூடிவிட்டு நகரும்,” என்று படியிலிருந்து ஹஸ்ரத்தின் குரல் வந்தது.

ஆறாவது குழிவரை சுலைகா கவிழ்த்த வள்ளத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள். எட்டாவது குழியருகே அவளும் குந்தினாள்.

“இன்னும் கொஞ்சம் எடப்பக்கமா…”

“துப்புக் கொடுக்கக் கூடாது,” என்றார் ஹஸ்ரத்.

பதினோராவது இடத்தில் கருவி தெளிவாக, விடாமல் ஒலித்தது. மகுதூம் முழங்காலிட்டுத் தோண்டினார். ஈர மணலுக்குள் விரல்கள் எதையோ பற்றின. பச்சைக் கல் வைத்த வெள்ளி மோதிரம்.

“இதுதான்!”

“இல்ல.”

“சும்மா சொல்லாத.”

“நான் இதைப் பொதைக்கல.”

“பெறகு யாரு வந்து வச்சா? ஹஸ்ரத் குடுத்தது இதுதானே? சத்தியம் பண்ணு.”

“பண்ண மாட்டேன். சொல்லியாச்சு.”

சுலைகா நிமிர்ந்து வாப்பாவைப் பார்த்தாள். பார்வையை விலக்கவில்லை.

மகுதூம் மோதிரத்தை உயர்த்திப் பிடித்துப் படியைப் பார்த்தார்.

“நீங்களே சொல்லுங்க ஹஸ்ரத். இதையா குடுத்தீங்க?”

ஹஸ்ரத் தைத்த செருப்பைக் காலில் மாட்டி, வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புதைத்தவள் உம் பக்கத்தில் நிற்கிறாள். என்னிடம் ஏன் விசாரிக்கிறீர்?”

மகுதூம் தம் கையிலிருந்த மோதிரத்தைப் பார்த்தார்; மகளைப் பார்த்தார். அலை ஒன்று வந்து திரும்பியது. இன்னொன்றும் வந்து திரும்பியது.

“சரி. நீ வைக்கல.”

“எப்படித் தெரியும்?”

“நீ சொன்னியே.”

சுலைகா மோதிரத்தை வாங்கிப் பாவாடையில் துடைத்தாள். கல்லைப் பார்த்தாள், வளையத்தின் உட்புறத்தைப் பார்த்தாள். அதற்குமேல் அதைப் புரட்டவில்லை.

“நீங்களும் வைக்கலியே, வாப்பா?”

“நான் வைக்கல மக்ளே.”

அவள் மோதிரத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“சரி,” என்றாள். பிறகு இரு கைகளையும் நீட்டினாள். “மெஷினை இங்க தாங்க. ஒண்ணு கெடந்த எடத்துல இன்னொண்ணும் கெடக்கும்.”

மோதிரத்தைப் பற்றி அன்று மஃரிபுத் தொழுகைக்குப் பின் பள்ளியில் அறிவித்தார்கள். செவ்வாய்க்கிழமை மேலத்தெருவிலிருந்து ஒரு பெண் வந்து, உட்புறம் பொறித்திருந்த எழுத்தைச் சரியாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள்; சுலைகாவுக்கு ஒரு தட்டு நிறையத் தம்மடைப் பலகாரம் கொடுத்தாள்.

சுலைகா புதைத்தது ஹஸ்ரத் தாம் ஓதும் கிதாபுகளைப் பூட்டிவைக்கும் அலமாரியின் சாவி. அலை ஏறி அடையாளம் அழிந்துவிட்டதால், இருட்டும்வரை மூவரும் தேடியும் அது அகப்படவில்லை. புதன்கிழமை காலை பூட்டுக்காரர் வந்து புதுச் சாவி செய்து கொடுத்தார். கூலி நூற்றிருபது ரூபாய். மகுதூம் முந்திக்கொண்டு பணத்தை நீட்டினார்.

ஹஸ்ரத் அந்தக் கையை மெல்ல மடக்கிவிட்டுத் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

“புதைக்கச் சொன்னவன் நான்.”