பதினேழாவது இடம்

"உங்க பொண்ணுங்களுக்குப் பதினேழாவது இடம்யா. ஊருக்கு பஸ் ஏத்திடு," என்றார் புள்ளியியல் பேராசிரியர் ஞானசிகாமணி, லேப்டாப்பைத் தட்டியபடி. கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் முதல் பதினாறு அணிகள்தான் ஆடலாம். இந்த வருட ஆட்டங்களில் தோல்வியும் எதிரணிக்கு விட்ட பாயின்ட்டும் குறையக் குறைய பட்டியலில் மேலே இடம். கணக்கு அவர் கண்டுபிடித்தது.

அந்தப் பதினேழாவது அணியோடு பந்து சுமந்து வந்த சடையாண்டி தலையைச் சொறிந்தார். "ஒரு காலேஜ் விட்டுப்போச்சுங்க. பேரை அப்புறம் சொல்றேன். தோல்வி சைபர், விட்ட பாயின்ட் சைபர்."

பேராசிரியர் தட்டினார். பேரில்லாத அணி முதலிடத்தில் போய் உட்கார்ந்தது.

"அடேயப்பா, என்னா டிஃபென்ஸ்! எந்தக் காலேஜ்யா?"

"உங்க காலேஜ்தாங்க. கோர்ட்டுல நீங்கல்லாம் காரை நிறுத்திடுறீங்க. பொண்ணுங்க இந்த வருசம் ஒரு மேட்ச்கூட ஆடல."

சுற்றி நின்ற கோச்சுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேராசிரியர் லேப்டாப்பை மூடினார். "எல்லாரும் ஆடித் தொலைங்க."

சடையாண்டி பந்துக்குக் காற்றடிக்க உட்கார்ந்தார்.