கடற்கரைக்கு ஒரு லோடு மணல்

"மணல் எங்கே போகுது?" என்று கேட்டார் செக்போஸ்ட் ஏட்டு.

"கடற்கரைக்குங்க" என்றார் செங்கோட்டுவேல் அண்ணன்.

ஏட்டு லாரியை ஒரு சுற்று சுற்றினார். பின்னால் ஏறித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். மணல். மணல் மேல் தண்ணி டேங்க். டேங்குக்குப் பக்கத்தில் உப்பு மூட்டை.

"கடற்கரையிலிருந்தா, கடற்கரைக்கா?"

"கடற்கரைக்குங்க. பில்லு இருக்குதுங்க."

ஏட்டு புளியமரத்தடிக்குப் போய் யாருக்கோ போன் போட்டார். மணலை அள்ளுகிறவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது சார், கொண்டுபோய்க் கொட்டுகிறவனை எதில் பிடிப்பது என்று கேட்டார். அந்தப் பக்கம் லைன் கட்டாகிவிட்டது.

அவர் யோசித்து முடிப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பதினொண்ணோடு ஸ்கூலை விட்டு இந்த லாரிக்குக் கிளீனராக வந்தவன். எனக்கு இழுத்து இழுத்துச் சொல்லத் தெரியாது.

செங்கோட்டுவேல் அண்ணன் லாரியின் டிரைவரும் ஓனரும். சொந்த வீடு இருக்கிறது. வயசு நாற்பதை நெருங்கியும் பொண்ணுதான் அமையவில்லை. பார்க்கப் போன வீட்டில் எல்லாம் காபி மட்டும் கிடைத்தது. போன மாசம் உப்பு லோடு ஏற்ற சங்குத்திட்டு என்ற ஊருக்குப் போனோம். தார் ரோடு முடிந்து, அதற்கப்புறமும் பனங்காட்டுக்குள் போகவேண்டிய ஊர். அங்கே முத்தரசி அக்கா கைட் சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிறது. வீடு அகலத்துக்கு ஒரு பட்டம் மேலே பறக்கும். அதன் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, பலகை மேல் நின்று கடலில் போகவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

அண்ணன் நேராகவே, "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அந்த அக்காவும் நேராகவே சொன்னது: "நாள் முழுக்க உக்காந்தே இருக்கிற ஆளு எனக்கு வேணாம். என் பலகையில ஒரு தடவை எந்திரிச்சு நில்லுங்க. நின்னுட்டா எங்கப்பாகிட்ட நானே பேசறேன்."

ஊருக்கு வந்ததும் பயணத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அண்ணன் போனில் கேட்டார். "பழகறதுக்கு மணலும் தண்ணியும் இருந்தாப் போதும். ஆனா எங்க ஊர்ல ஒண்ணுமே கிடைக்காது. வேணுங்கிறதை அங்கிருந்தே ஏத்திட்டு வந்துருங்க" என்றது அக்கா.

உடனே குப்பணன் மாமாவைக் கூப்பிட்டோம். லோடு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் கட்டிய தார்ப்பாய்க்குள் புயல்கூட நுழையாது.

"எவ்வளவு மணலுன்னு கேட்டீங்களா மாப்ள?"

"கேக்கலீங்க மாமா."

"அப்ப ஃபுல் லோடே போட்டுருங்க. பொண்ணு வீட்டுல போயி, பத்தலைன்னு பேரு வரக்கூடாது."

"தண்ணிங்க?"

"ஒரு டேங்க் போதும். நிக்கப்போறது நீங்க ஒருத்தர்தானே."

இந்த ரெண்டு பேரும் எதையும் முழுசாக யோசிக்க மாட்டார்கள். நான்தான் கேட்டேன், கடல் தண்ணி உப்பாக இருக்குமே, நம்முடையது போர் தண்ணி, எப்படிச் சரிவரும் என்று. மாமா என் தோளைத் தட்டி, "படிச்சவன் படிச்சவன்தான்" என்றார். உப்பு மூட்டைகள் ஏறின. போன மாசம் அதே ஊரிலிருந்து நாங்கள் ஏற்றிவந்த உப்பு.

ஏட்டு திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது. "போங்க. யாராவது கேட்டா, என்னைப் பார்த்ததாச் சொல்லிறாதீங்க" என்றார்.

சங்குத்திட்டில் மாமாவும் நாங்களுமாக மணலைக் கொட்டி முடித்தபோது முத்தரசி அக்கா ஓடி வந்தது.

"என்னங்க இது?"

"மணலுங்க."

அக்கா எங்கள் மணலைப் பார்த்தது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் கிடந்த அந்த ஊர் மணலைப் பார்த்தது. அப்புறம் எங்கள் மணல் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

"உக்காரம்மா, நல்லா சலிச்ச மணல்" என்றார் மாமா.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுந்து பட்டத்தைக் கொண்டுவந்து, அதன் விளிம்பில் இருந்த டியூபுக்குக் காற்றடித்தது. "பறந்துறாமப் பாத்துக்கங்க, பலகையை எடுத்துட்டு வர்றேன்" என்று போனது. திரும்பி வந்தபோது பட்டம் லாரி மேல் மடங்கி ஒடுங்கிக் கிடந்தது. மாமா கடைசி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது பறக்கணும்."

"பறக்க விடறதுக்கா இத்தனை வருசமா கட்டறேன்?"

அவிழ்க்க மதியமாகிவிட்டது. அதற்குள் அக்காவின் அப்பா வந்து, கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்துகொண்டார். மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"முதல்ல பலகையில உக்காந்துக்கங்க. பட்டம் இழுத்ததும் எந்திரிச்சிருங்க" என்றது அக்கா.

பட்டம் இழுத்தது. அண்ணன் போனார். உட்கார்ந்தபடியே போனார். புதுசாகப் பழகுகிறவர்கள் குப்புற விழுவார்களாம், அவர் விழவில்லை. டிரைவர் சீட்டில் இருப்பதுபோல முதுகு நிமிர்ந்திருந்தது. திரும்புவதற்கு முன்னால் கையை நீட்டி சிக்னல் காட்டினார். எதிரே வந்த மீன்படகுக்கு ஒதுங்கி வழிவிட்டார்.

"நிதானமான ஆளுதான்" என்றார் அக்காவின் அப்பா.

"எந்திரிங்க" என்று கத்திக்கொண்டே அக்கா கரையோடு ஓடியது. "எந்திரிச்சு நில்லுங்க, அப்பா பாக்கறாரு."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓடற வண்டியில டிரைவரை எந்திரிக்கச் சொல்லாதம்மா. இன்னிவரைக்கும் அவரு மேல ஒரு ஆக்சிடென்ட் கிடையாது."

கடலிலிருந்து அண்ணனின் குரல் பணிவாக வந்தது. "வண்டி நின்னதும் எந்திரிச்சுக்கிறேனுங்க."

இந்தக் காற்று எப்போது நிற்கும் என்று அக்காவின் அப்பாவிடம் கேட்டேன்.

"ஆடி முடியணும்" என்றார்.

அண்ணன் தூரத்தில் வளைத்துத் திரும்பி எங்களைக் கடந்தார். கடக்கும்போது மாமனாருக்கு ஒரு கையால் வணக்கம் வைத்தார். அடுத்த நடைக்குள் சாப்பாடு கொடுத்துவிடலாம் என்று மாமா தூக்குப்போசியோடு இடுப்பளவு தண்ணியில் போய் நின்றார். அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு ஈர மணலில் நின்றது. நானும் அக்காவின் அப்பாவும்கூட எழுந்து நின்றுதான் பார்த்தோம். கரையில் உட்கார்ந்திருந்தவர் ஒருவரும் இல்லை. நிற்கச் சொன்னது அண்ணன் ஒருத்தரைத்தான். அவர்தான் நிற்கவில்லை.