முழங்கால் தண்ணீர்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. ஆனால் அது கடைசியில்தான் வரும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள். நடுவில் இருப்பதெல்லாம் தாகம்.

வடகடலில் ஒரு தீவு. மரம் குறைவு, நீர்நிலை அதிகம். மாரியில் அத்தனையும் ததும்பும். கோடையில் சேறும் உப்பும் பூநாரைகளும் மிஞ்சும். அங்கே மங்கையம்மை என்ற குருவிடம் கதிரித்தம்பி சீடராக வந்து சேர்ந்தார். குருவைவிட இருபது வயது மூத்த சீடர். துறைமுகத்தில் கப்பல்களுக்கு ஆழம் பார்த்துச் சொல்லும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஞானம் தேடி வந்த மனிதர், ஆழம் பார்க்கும் கயிற்றையும் ஈயக்குண்டையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்.

“முதல்ல தீவைச் சுற்றிப் பார்த்திட்டு வாங்கோ,” என்றார் குரு.

பார்த்தார். குளம் குளமாக, மடு மடுவாக இறங்கிக் குண்டைப் போட்டார். போட்ட இடத்திலேயே குண்டு உட்கார்ந்தது. கயிறு நனைய வழியில்லை. ஓர் எருமை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முழங்கால்கூட நனையாமல் குளத்தைக் கடந்து போனது.

திரும்பி வந்தவர் தொண்டையைக் கனைத்தார். துறைமுகம் மொத்தத்தையும் குரலில் ஏற்றிக்கொண்டு, இந்தத் தீவில் ஆழம் என்று சொல்ல எதுவுமே இல்லை என்றார். குருவிடமும் அப்படித்தான் என்று அவர் சொல்லவில்லை. கனைப்பு சொல்லிற்று.

குரு அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். குடிசைக்குப் பின்னால் மணலில் ஒரு சிறு குழி. அந்த ஊரில் பூவல் என்பார்கள். அதிலிருந்து தேங்காய்ச் சிரட்டையால் மேலாக வழித்தெடுத்த தண்ணீர். நாக்கில் பட்டதும் கனைப்பே அடங்கிப் போனது.

“மேலேயே இந்த ருசியெண்டால், அடியில எப்படி இருக்கும், அம்மா?”

“தோண்டிப் பாருங்கோவன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். ஒரு முழம் இறங்கியதும் தண்ணீர் லேசாகக் கரித்தது. நல்ல அடித்தளத்துக்கு முன்னால் கொஞ்சம் கசடு இருக்கத்தான் செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். குரு வந்து போதுமோ என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றார் சீடர். சற்றுப் பொறுத்துக் குரு மறுபடி கேட்டார். மறுபடியும் இன்னும் கொஞ்சம்.

வலையோடு அவ்வழியே போன மீனவன் சவிரிமுத்து எட்டிப் பார்த்தான். “என்ன ஐயா, கடலைத் தேடுறியளோ? அது மேலயே கிடக்குது, அங்கால.”

வலை இழுக்கிறவனுக்கு ஆழத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கதிரித்தம்பி திரும்பியும் பார்க்கவில்லை.

பொழுது சாயும்போது இடுப்பளவு குழிக்குள் நின்றார். நா வறண்டிருந்தது. இரு கையாலும் அள்ளி ஆசையோடு குடித்தார். குடித்த வேகத்திலேயே துப்பினார்.

மாலைத் தண்ணீருக்காகக் குடத்தோடு வந்த குரு, குழியோரத்தில் குடத்தை வைத்தார்.

“அம்மா, இது கடல்.”

“ஓம். அடியில கடல்தான். மழை தந்த நல்ல தண்ணி அதுக்கு மேல மிதக்குது. மெல்ல வழிச்செடுத்தால் கோடை முழுக்க வரும். ஆழத் தோண்டினால் உப்புக் கலந்திடும்.”

கதிரித்தம்பி கலங்கிய நீரைப் பார்த்தார். பிறகு வெறுங்குடத்தைப் பார்த்தார்.

“அப்ப... உங்களுக்குக் குடிக்க?”

“இது ஒண்டுதான் இருந்தது.”

மாரிக்கு இன்னும் வெகுநாள் கிடந்தது. வானத்தில் பஞ்சளவு மேகமும் இல்லை.

“ஏன் அம்மா என்னைத் தடுக்கேல்லை?”

“நீங்கள் கேட்ட பாடம் இந்தக் குழிக்குள்ளதான் இருந்தது.”

அவர் மேலே ஏறினார். கையில் ஒட்டிய சேற்றைத் துடைக்கவும் தோன்றவில்லை.

“சவிரிமுத்து வீட்டில ஒரு பூவல் இருக்கு,” என்றார் குரு. “வடகரை. தூரம்தான். கேட்டால் தருவினம்.”

“நான் போறன். மாரி வரும்வரைக்கும் நானே போறன்.”

குரு குடத்தை நீட்டினார். கதிரித்தம்பி அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நாலடி நடந்தார். நின்றார். திரும்பினார். கனைத்தார்.

“அம்மா, அவையின்ர பூவல் எவ்வளவு ஆழ—”

வாய் திறந்தபடியே நின்றது.