மூணு கம்ப்யூட்டரும் ஒரு மீசையும்

என்ன, ராஜா கதைன்னதும் யானை வரும், குதிரை வரும்னு நிமிர்ந்து உக்காந்துட்டீங்களா? யானை வரும். அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் வரும். மூணு. மூஞ்சியைச் சுளிக்காதீங்க. என் கதை, என் அரண்மனை!

ராஜா பூவரசமார்த்தாண்டன் மேசையில விண்டோஸ். ராணி அறையில மேக். யாருக்கும் வேண்டாத லினக்ஸ் மிஷினை யானைக் கொட்டாரத்துல போட்டிருந்தாங்க.

ஒரு நாள் ராஜாவுக்கு ஆசை. யானைப் பட்டியல்ல, குளிக்க அடம்பிடிக்கிற யானைங்க வரியை மட்டும் பொறுக்கி எடுக்க ‘கிரெப்’னு ஒரு கட்டளை, கூடவே ‘பி’ன்னு ஓர் எழுத்தையும் ஒட்டித் தட்டினார். பதில் வந்துச்சு: ‘அப்படி ஒரு கட்டளையே எனக்குத் தெரியாது.’

“என் அரண்மனையிலேயே என் கட்டளை தெரியாதாமா?” ராஜா குதிச்சார். ராணியோட மேக்ல போய்த் தட்டினார். அது கிரெப்பை ஏத்துக்கிச்சு. கூட ஒட்டின அந்த ‘பி’யைப் பாத்துத்தான் ‘இது எனக்குத் தெரியாது’ன்னு முறைச்சுது. கொட்டாரத்து லினக்ஸ் மட்டும் மறுபேச்சு இல்லாம பதில் சொல்லிருச்சு.

அரண்மனைக் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிற இருளப்பன் மேல தளவாய் வீரபாகுவுக்குப் பொறாமை; நேரம் பாத்து ஊதினான். “நம்ம இருளப்பன் பெரிய மூளைக்காரராச்சே மகாராஜா! நாளைக்குள்ள மூணுலயும் ஒரே கட்டளை, ஒரே பதில் வரட்டும். வரலேன்னா அவர் மீசையைச் சபையிலேயே வழிச்சிருவோம்.”

“சபாஷ்! அப்படியே ஆகட்டும்!”ன்னுட்டார் ராஜா.

இருளப்பன் மீசையைத் தொட்டுப் பாத்துக்கிட்டார். இருபது வருஷமா நெய் தடவி வளத்த மீசை! மெதுவாக் கேட்டார்: “எந்த மேசையில உக்காந்து தட்டினாலும் ஒரே பதில் வந்தாப் போதும். வேற நிபந்தனை?”

“ஒண்ணும் இல்ல.”

மறுநாள் ராஜா தட்டினார். ‘கொம்பன், சுப்பி, வேலாயி.’ ராணி அறையில? கொம்பன், சுப்பி, வேலாயி. கொட்டாரத்துலயும் அதே மூணு பேர். தளவாய் மூஞ்சி சுருங்கிருச்சு. ராஜா முத்துமாலையைக் கழட்டிக்கிட்டே ஆசையா இன்னொரு தடவை தட்டினார்.

அசையல.

“என்னோடதும் நின்னுபோச்சுங்க!” ராணி அறையிலேர்ந்து குரல்.

பாகன் மாயாண்டி மூச்சிரைக்க ஓடி வந்தான். “மன்னிக்கணும் மகாராஜா! போனுக்குச் சார்ஜ் போட, கொட்டாரத்து மிஷின் ப்ளக்கைப் பிடுங்கிட்டேன்!”

ராஜா திரும்பினார். “இருளப்பா…?”

இருளப்பன் கையால மீசையைப் பொத்திக்கிட்டார். “ரெண்டு மேசையிலேர்ந்தும் கொட்டாரத்து மிஷினுக்குள்ள நுழைய வழி போட்டேன் மகாராஜா. தட்டுறது இங்க, வேலை நடக்குறது அங்க. பதில் ஒண்ணுதானே கேட்டீங்க?”

ராஜா வயிறு குலுங்கச் சிரிச்சார். “பொழைச்சுப் போய்யா! மீசையும் உனக்கு, மாலையும் உனக்கு!” சபையே சிரிச்சுது.

மாயாண்டி மட்டும் தலையைச் சொறிஞ்சான். “இதுல சிரிக்க என்ன இருக்கு? இங்க உக்காந்து நீங்க உத்தரவு போடுறீங்க, கொட்டாரத்துல நாங்க வேலை பாக்குறோம்… இந்த அரண்மனை என்னைக்குமே அப்படித்தானே நடக்குது, மகாராஜா?”