தேயக் கூடாத கல்

“சாமி, என் ஏக்கம் தீர ஒரு வழி சொல்லுங்க” என்றாள் செங்கமலம்.

சோமநாத அடிகள் அவளைவிட வயதில் இளையவர். ஆற்றுக்கு மேலே, மலைச்சரிவில் குடிசை போட்டிருந்தார்.

“எதற்கு ஏக்கம்?”

“எங்க வீட்டுக்காரர் காலமாகி மூணு வருஷமாச்சு. அவர் ஓட்டின நீராலை அப்படியே கிடக்கு. நான் திறக்கவே இல்லை.”

அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ஊருக்கொரு நீராலை இருந்தது. ஆறு சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் கல்லைச் சுற்றும், கேழ்வரகு மாவாகும். ஒரு பெருவெள்ளத்தில் பாதி ஆலைகள் போயின. மிச்சமிருந்தவை, டீசல் மிஷின் வந்ததும் நின்றன. இப்போது முழுசாக இருப்பது செங்கமலத்தின் ஆலை ஒன்றுதான். அதற்கும் மடையை அடைத்துவிட்டாள்.

“ஏன் திறக்கலை?”

“கண்மூடறதுக்கு முந்தின வாரம்தான் கல்லைக் கொத்தினார். ஒவ்வொரு வரியும் அவர் கை. அரைச்சா தேஞ்சிடுமே, சாமி. தினமும் போய்த் தடவிப் பார்த்துட்டு வர்றேன்.”

அடிகள் உள்ளே போய் ஒரு சிறு மூட்டையோடு வந்தார். கேழ்வரகு.

“இதை அரைச்சுக் கொடும்மா.”

“மிஷின்ல அரைச்சுட்டு வர்றேன்.”

“உன் ஆலையில்.”

அவள் முகம் சிவந்தது. “நான் சொன்னது உங்க காதுல விழலையா?”

“விழுந்தது. அவர் எதுக்கும்மா கொத்தினார்?”

அவள் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் அடிகள் மூட்டையோடு ஆலை வாசலில் உட்கார்ந்திருந்தார். அதற்கு மறுநாளும் இருந்தார்.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள், கோபம் போகாமலே.

“மாவு இல்லையே.”

செங்கமலம் மூட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கல்லின் வரிகளை ஒருமுறை விரலால் தடவினாள். எல்லா வரிகளையும். பிறகு மேல்கல்லை இறக்கி வைத்து, கேழ்வரகைக் கொட்டினாள். வெளியே வந்து மடைப்பலகையைத் தூக்கினாள்.

சக்கரம் முதலில் நடுங்கியது. முனகியது. பிறகு சுற்றியது.

அந்தச் சத்தம் கேட்டதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாவு சூடாக விழுந்துகொண்டிருந்தது.

அங்கேயே அடுப்புக் கூட்டி, அந்த மாவில் களி கிண்டினாள். அடிகளுக்கு இலையில் வைக்கும்போது கை தயங்கியது.

“கொத்தின கல்லுல அரைக்கிற முதல் மாவை மாட்டுக்குத்தான் வைப்போம், சாமி. கல்பொடி கலந்திருக்கும்.”

அடிகள் ஒரு வாய் சாப்பிட்டார். இலையை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவளும் ஒரு வாய் எடுத்துக்கொண்டாள்.

பல்லில் நறநறத்தது.

துப்பப் போனாள்.

துப்பவில்லை.